"வெறும் கோடு தானே சார்?" – வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒருத்தருக்கு பதில் சொல்றப்ப பக்கத்துல நஸ்ரீன் முகமதிங்கற ஓவியர் வெறும் கோடா வரைஞ்ச படம் ஒன்னு போட்டிருந்தோம், கீழ பேர் மட்டும் தான், வேற ஒரு வரி விளக்கம் கிடையாது. அது என் சோம்பேறித்தனம். அதுக்கு வந்த கடிதாசியும் வாட்ஸப் மெசேஜும் பார்த்தா சினிமா கேள்விக்கு கூட இவ்ளோ வரல, பாதி பேருக்கு கோவம், மீதி பேருக்கு சந்தேகம். அதனால இந்த தடவ அரசியல் கிரிக்கெட் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில்.

கே: அந்த படத்த பார்த்துட்டு பிரின்டிங் மிஸ்டேக்னு நினைச்சு பேப்பர மாத்திக் கேக்கலாம்னு கடைக்கே போயிட்டேன் சார். யாரு இவங்க? (சிவகாசியிலிருந்து ஒரு வாசகர்)

ப: சிவகாசிக்காரரே பிரின்டிங் மிஸ்டேக்னு சொன்னா எங்க ப்ரெஸ்காரர் மனசு உடைஞ்சிரும், அவர்கிட்ட சொல்லல. மிஸ்டேக் இல்லங்க, படமே அப்படித்தான்.

நஸ்ரீன் 1937-ல கராச்சில பிறந்தவங்க. சின்ன வயசுலயே அம்மா தவறிட்டாங்க. பிரிவினைக்கு முன்னாடியே, 1944-ல, குடும்பம் பம்பாய்க்கு வந்துருச்சு. அப்பாவுக்கு பஹ்ரைன்ல கேமரா சாமான் விக்கிற தொழில், அதனால பாலைவனமும் கேமராவும் ரெண்டுமே சின்னதுலேருந்து பழக்கம், இத ஞாபகம் வச்சுக்கோங்க பின்னாடி வரும். 1954-ல லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளில சேர்ந்து மூணு வருஷம் படிச்சாங்க, அப்புறம் 1961-லேருந்து 63 வரை பாரிஸ். பம்பாய்ல அப்ப பூலாபாய் இன்ஸ்டிட்யூட்னு ஒரு இடம், ஓவியர்களுக்கு ஸ்டுடியோ, ரவிசங்கரோட இசைப்பள்ளி, அல்காஸியோட நாடகக் குழு எல்லாம் ஒரே வளாகத்துல, அங்க தான் கெய்டொன்டே மாதிரி ஓவியர்களோட பழக்கம். 1972-ல பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைத் துறைல டீச்சரா சேர்ந்தாங்க, கடைசி வரைக்கும் அந்த வேலை தான். 1990 மே மாசம் அலிபாக் பக்கத்துல கிஹிம்னு ஒரு கடற்கரை ஊர், அங்க இருந்த வீட்ல இறந்துட்டாங்க. ஐம்பதைத் தாண்டி ரெண்டு மூணு வருஷம், அவ்ளோ தான் வயசு.

உயிரோட இருந்தப்ப ஓவியர் வட்டத்துக்கு வெளிய பெருசா யாருக்கும் தெரியாது. 2007-ல ஜெர்மனில டாக்குமென்டான்னு ஒரு பெரிய கலைக் கண்காட்சில இவங்க படத்த வச்சாங்க, 2013 டெல்லி, 2014 லிவர்பூல், 2015 மாட்ரிட். 2016-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் மெட் பிராயர்னு புதுசா ஒரு கிளை திறந்தாங்க, திறப்பு விழாவுக்கு வச்ச கண்காட்சிகள்ல ஒன்னு முழுக்க இவங்களோடது. இறந்து 26 வருஷம் கழிச்சு.

கே: நான் ஐடிஐ-ல டிராஃப்ட்ஸ்மேன் சிவில் முடிச்சவன். 22 வருஷம் பிளான் போட்டேன். இதவிட நேரா, இதவிட நெருக்கமா கோடு போட்டிருக்கேன். என்னுது வெறும் பிளான், அவங்களுது மட்டும் ஆர்ட்டா? (திருச்சி)

ப: வந்ததுலயே நியாயமான கேள்வி உங்களுது தான், இதுக்கு மழுப்பி பதில் சொல்லக்கூடாது.

மொதல்ல ஒரு விஷயம், நீங்களும் அவங்களும் ஒரே தொழில் சாமானத்தான் புழங்கினீங்க. டிராயிங் போர்டு, ஸ்கேல், செட் ஸ்கொயர், இங்க் பேனா, பென்சில். ஓவியர்னா பிரஷ்ஷும் ஈசலும்னு நாம நினைக்கிறோம், அவங்க அதெல்லாம் 60-கள் முடியறப்பவே ஏறக்கட்டிட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைஞ்சதுல செடி கொடி மாதிரி, தண்ணி கரை மாதிரி ஏதோ ஒன்னு லேசா தெரியும், மை கரைஞ்சு பரவியிருக்கும், கலர் கூட கொஞ்சம் இருக்கும். அப்புறம் ஒவ்வொன்னா கழட்டிப் போட்டாங்க. உருவம் போச்சு, கலர் போச்சு, கேன்வாஸ் போச்சு, கடைசில காகிதமும் கோடும் தான் மிச்சம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். உங்க பிளான்ல ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை இருக்கு இல்லையா? தடிமனா போட்டா சுவர் வெட்டுப்பட்ட இடம், மெல்லிசா போட்டா அளவு, விட்டு விட்டு போட்டா கண்ணுக்கு மறைஞ்ச பீம். கொத்தனார் அத பார்த்து செங்கல் வைக்கணும். வீடு எழும்பினதும் உங்க கோட்ட யாரும் திரும்பி பார்க்கறதில்ல, சுருட்டி பரண்ல போட்டுருவாங்க. நஸ்ரீன் என்ன பண்ணாங்கன்னா உங்களோட அந்த தடிமன் மெல்லிசு இலக்கணத்த அப்படியே எடுத்துக்கிட்டு வீட்ட மட்டும் எடுத்துட்டாங்க. கோடு இனிமே எதையும் சுட்டிக் காட்டாது. அப்ப பார்க்கிறவன் கண்ணு என்ன பண்ணும், கோட்டையே பார்க்கும்.

பார்த்தா என்ன தெரியும்னு கேப்பீங்க. படுக்கைக் கோடு நூறு இருக்குன்னு வைங்க, நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, மேல போகப்போக ஒரு நூல் அளவு குறைஞ்சுக்கிட்டே வரும், கூடவே மையும் வெளுத்துக்கிட்டே வரும். உடனே தட்டையான காகிதம் உங்க கண்ணு முன்னாடி லேசா பின்னாடி சாயும். இன்னொன்னுல மைக்கோடும் பென்சில் கோடும் மாத்தி மாத்தி வரும், மை காகிதத்துல உட்கார்ந்துரும், பென்சில் பக்கவாட்டு வெளிச்சத்துல மினுக்கும், அப்ப பாதி கோடு நீங்க நகர்ந்தா தெரியும் நின்னா மறையும். 70-கள்ல மொதல்ல கட்டம் கட்டமா இருந்துச்சு, அப்புறம் குறுக்கால சாய்ஞ்ச கோடுங்க வந்து அந்த கட்டத்த கலைச்சுது, 80-கள்ல கட்டமே காணாம போய் வெள்ளைக் காகிதத்துக்கு நடுவுல நாலஞ்சு முக்கோணமோ ஒரு வளைவோ அந்தரத்துல நிக்கும். எந்த பக்கம் மேல எந்த பக்கம் கீழன்னு சொல்ல முடியாது.

உங்க தொழில்ல ட்ரேசிங் பேப்பர்ல தப்பு வந்தா பிளேடால சுரண்டி எடுப்பீங்க. அவங்க காகிதத்துல அதுக்கு இடமில்ல, எண்பதாவது கோட்டுல பேனா துளி கக்குச்சுன்னா மொத்த ஷீட்டும் போச்சு. இதோட அருமை எனக்கு தெரியறத விட உங்களுக்கு நல்லாவே தெரியும்.

உங்க பிளான் ஆர்ட் இல்லன்னு நான் சொல்லவே இல்ல சார். வீடு கட்டி முடிச்சப்புறம் அத பரண்லேருந்து இறக்கி ஒரு தடவ வீடா நினைக்காம பாருங்களேன். எனக்கும் ஒன்னு அனுப்புங்க.

கே: படத்தோட பேர் என்ன? தலைப்பு தெரிஞ்சா கொஞ்சம் புரியும்ல. (திண்டுக்கல்)

ப: தலைப்பே கிடையாது. அவங்க வைக்கல. பெரும்பாலானதுல தேதியும் இல்ல கையெழுத்தும் இல்ல, பின்னாடி வந்த ஆராய்ச்சியாளருங்க தான் இது 70-கள் முன்பாதி, இது பின்பாதின்னு பக்கத்துல பக்கத்துல வச்சு வரிசைப்படுத்தினாங்க. தலைப்பு இருந்தா நீங்க தலைப்ப படிச்சிட்டு அடுத்த படத்துக்கு போயிருப்பீங்க, நானும் அப்படித்தான்.

கே: எங்க அப்பா தறி நெய்யறவர். உங்க பத்திரிகைய பார்த்துட்டு "யாருப்பா இது பாவு ஓட்டி வச்சிருக்கறது"ன்னு கேட்டார். சிரிச்சிட்டேன், அப்புறம் யோசிச்சேன். (சென்னிமலை)

ப: சிரிச்சிருக்கக் கூடாது, உங்க அப்பா கரெக்டா பிடிச்சிட்டார். நஸ்ரீன் எப்பவும் கேமராவோட திரிஞ்சவங்க, அவங்க எடுத்த போட்டோவுல தறில இழுத்துக் கட்டின நூலும் உண்டு. அது மட்டுமில்ல, கிஹிம் கடற்கரைல அலை திரும்பினப்புறம் ஈர மணல்ல மிச்சமிருக்கிற வரி, ரோட்ல அடிச்ச வெள்ளைக் கோடு, ஃபதேபூர் சிக்ரில கல் பாவின தரையும் தண்ணித் தொட்டியோட விளிம்பும், வளைகுடா பாலைவனம். எல்லாமே மிக நெருக்கத்துல இல்லாட்டி விசித்திரமான கோணத்துல எடுத்தது, என்ன பொருள்னு சட்டுன்னு பிடிபடாது.

ஆனா இந்த போட்டோ ஒன்ன கூட அவங்க உயிரோட இருந்தவரைக்கும் கண்காட்சில வச்சதில்ல. அவங்களுக்கு அது வேலைக்கு முந்தின வேலை, கண்ண பழக்கறது. நிறைய பேர் என்ன நினைக்கிறாங்கன்னா அப்ஸ்ட்ராக்ட், அதாவது உருவமில்லாத ஓவியம்னா உலகத்த பார்க்காம ரூமுக்குள்ள உட்கார்ந்து மூளைலேருந்து எடுக்கறதுன்னு. இவங்க விஷயத்துல அது சுத்தமா தப்பு. ஊர் ஊரா போய் தரையப் பார்த்து தண்ணியப் பார்த்து நூலப் பார்த்து அப்புறம் தான் பேனாவ எடுத்தாங்க. அப்பாகிட்ட சொல்லுங்க, விமர்சகருங்க ரெண்டு பக்கத்துல சொல்றத அவர் ஒரே வாக்கியத்துல சொல்லிட்டார்னு.

கே: எங்க வீட்டு வாசல்ல தினமும் போடற கோலத்துக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நமக்கு இது ஆயிரம் வருஷமா தெரியுமே. (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

ப: அம்மா, கோலத்தோட ஒப்பிட்டு மட்டும் பதினேழு பேர் எழுதியிருந்தாங்க, உங்களுது தான் கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு. வித்தியாசம் இருக்குங்க. சிக்குக்கோலத்துல கோடு புள்ளிய சுத்தி சுத்தி வந்து கடைசில ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரணும், சேரலன்னா கோலம் தப்பு, நீங்களே கால்ல தேய்ச்சு அழிச்சிட்டு மறுபடி போடுவீங்க. நஸ்ரீன் கோடு எங்கயும் திரும்பி வராது. ஒரு ஓரத்துலேருந்து கிளம்பி இன்னொரு ஓரத்த தாண்டி போயிட்டே இருக்கும், காகிதம் முடிஞ்சதால நின்ன மாதிரி இருக்கும். கோலம் வீட்டுக்கு ஒரு எல்லை போடுது, இது எல்லைய அவுத்து விடுது. ரெண்டும் பெருசு தான், ஆனா ரெண்டும் ஒன்னு இல்ல. எல்லாமே நம்மகிட்ட ஏற்கனவே இருந்துச்சுன்னு சொல்லி முடிச்சிட்டா எதையும் புதுசா பார்க்க வேண்டிய அவசியமே இல்லாம போயிரும், அது வசதி தான்.

கே: கை நடுங்கற வியாதியோட தான் இவ்ளோ நேர்கோடு போட்டாங்கன்னு ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் பார்த்து அழுதுட்டேன் சார். உண்மையா? (நாகர்கோவில்)

ப: வியாதி உண்மை. உடம்பு அசைவு மெல்ல மெல்ல நம்ம கட்டுப்பாட்ட விட்டு போற நரம்பு நோய், அவங்க குடும்பத்துலயே வேற சிலருக்கும் அது வந்திருந்துச்சு. கடைசி வருஷங்கள்ல நடக்கறதே சிரமமா போச்சு. அப்பவும் வரைஞ்சாங்க, அந்த 80-கள் படங்கள்ல ஒரு கோடு கூட பிசிறு தட்டல, இதுவும் உண்மை.

ஆனா அந்த போஸ்ட நானும் பார்த்தேன், எனக்கு எரிச்சல் தான் வந்துச்சு, உங்க மேல இல்ல, எழுதினவர் மேல. ஏன்னா அவர் சொல்ற கணக்குப்படி நடுங்கற கை, அத ஜெயிக்க நேர்கோடு, அவ்ளோ தான் கதை. நோய் முத்தறதுக்கு ரொம்ப முன்னாடியே, 70 வாக்குலயே, அவங்க இந்த கோட்டுக்கு வந்து சேர்ந்துட்டாங்க. கலர விட்டதுக்கும் உருவத்த விட்டதுக்கும் காரணம் வியாதி இல்ல, பத்து பன்னிரண்டு வருஷம் யோசிச்சு எடுத்த முடிவு. கண்டின்ஸ்கி, க்ளே, மாலேவிச்னு ஐரோப்பாவோட அப்ஸ்ட்ராக்ட் முன்னோடிகள எல்லாம் ஊன்றி படிச்சவங்க, ஹிந்துஸ்தானி சங்கீதம் கேட்டவங்க, இஸ்லாமிய கட்டடங்கள்ல இருக்கிற வெறுமைய நின்னு நிதானமா பார்த்தவங்க. அதெல்லாம் விட்டுட்டு வியாதிய மட்டும் பிடிச்சுக்கிட்டா நாம படத்த பார்க்கல, பரிதாபப்பட்டுட்டு கிளம்பிடறோம். அதுவும் பெண் ஓவியர்னா இது கண்டிப்பா நடக்கும், ஒரு வியாதி ஒரு சோகம் ஒரு தனிமை இல்லாம அவங்கள பத்தி யாரும் நாலு வரி எழுதமாட்டாங்க. ஆம்பளைக்கு வந்தா தத்துவம், பொம்பளைக்கு வந்தா கண்ணீரா?

தனிமைய பத்தியும் சொல்லிடறேன். வீட்ல சாமான்னு பெருசா எதுவும் இல்லாம, துடைச்சு வச்ச மாதிரி வாழ்ந்தாங்க. ஆனா நண்பர்கள் இருந்தாங்க, மாணவர்கள் இருந்தாங்க, 18 வருஷம் கிளாஸ் எடுத்திருக்காங்க. 2013-ல டெல்லி கிரண் நாடார் மியூசியத்துல அவங்க படைப்பெல்லாம் சேர்த்து பெரிய கண்காட்சி வச்சது யாருன்னு நினைக்கிறீங்க, அவங்ககிட்ட பரோடால படிச்ச ரூபினா கரோடே. மூலைல உட்கார்ந்து அழுதுட்டு இருந்த அம்மா இல்லீங்க அவங்க.

கே: இது அமெரிக்க மினிமலிசத்தோட காப்பி தானே? ஆக்னஸ் மார்ட்டின் இத 1960-லயே பண்ணிட்டாங்களே. (கோவையிலிருந்து ஒரு கலைக்கல்லூரி மாணவர்)

ப: மத்தவங்களுக்காக ஒரு வரி: மினிமலிசம்னா எல்லாத்தையும் கழட்டிட்டு கட்டம், கோடுன்னு ரொம்ப கொஞ்சத்தோட நிறுத்திக்கிற பாணி, ஆக்னஸ் மார்ட்டின் அதோட சேர்த்து பேசப்படற அமெரிக்க ஓவியர். தம்பி, ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல வச்சு பாருங்க. மார்ட்டினோடது ஆளுயர சதுர கேன்வாஸ், பென்சில் கோடு, முழுக்க நேருக்கு நேரா அமைதியா நிக்கும், ஆழத்துக்குள்ள போகவே போகாது. நஸ்ரீனோடது பெரும்பாலும் மடில வச்சு பார்க்கிற அளவு காகிதம், கோடு சாயும், வேகம் எடுக்கும், காகிதத்துக்கு பின்னாடி ஒரு தூரம் இருக்கிற மாதிரி தோணும். கட்டம் போட்டவங்க எல்லாம் ஒருத்தர் வீட்டு பிள்ளைங்கன்னா கணக்கு நோட்டும் மினிமலிசம் தான்.

காப்பி அடிக்கிற மனநிலையா இருந்தா அவங்க பக்கத்துலயே வசதியா ஒன்னு இருந்துச்சு, அத யாரும் சொல்றதில்ல. 70, 80-கள்ல பரோடான்னாலே கதை சொல்ற ஓவியம். குலாம் முகமது ஷேக், பூபேன் கக்கர், மனுஷங்க தெரு வீடு கடைன்னு நிறைய கலரோட வரைஞ்ச காலம், அந்த பேச்சு தான் ஊர் முழுக்க. அந்த இடத்துலயே வேலை பார்த்துக்கிட்டு, அவங்களோடயே டீ குடிச்சுக்கிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனுஷனே இல்லாத கோட்ட வரையறதுக்கு எவ்ளோ பிடிவாதம் வேணும்? அவங்க வயசுக்காரங்க, தோழியும் கூட, ஜரீனா ஹாஷ்மி, அதே 1937-ல அலிகர்ல பிறந்தவங்க, அவங்களும் கோட்டுக்கு தான் வந்தாங்க ஆனா அந்த கோடு வீட்டோட வரைபடமாவும் எல்லையாவும் மாறுச்சு. ஒரே வருஷத்துல பிறந்த ரெண்டு பேர், ஒரே கோடு, வேற வேற திசை. உங்க ப்ராஜெக்ட்டுக்கு இது நல்ல தலைப்பு, நியூயார்க் வரைக்கும் போக வேண்டாம்.

கே: இவங்க படம் என்ன விலை போகும்? (ஈரோடு)

ப: வாங்கப் போறீங்களா? இந்திய அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்துக்கு பெரிய விலைன்னா எல்லாரும் சொல்றது கெய்டொன்டே தான், 2013-ல மும்பைல நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்துல ஒரு படம் 23 கோடி ரூபாய் தாண்டுச்சு. நஸ்ரீன் பெரும்பாலும் காகிதத்துல தான் வரைஞ்சாங்க, கேன்வாஸ் அளவுக்கு காகிதத்துக்கு விலை ஏறாது. அடுத்த கேள்வி.

கே: தமிழ்நாட்ல இப்படி முழுக்க அப்ஸ்ட்ராக்ட்டா வரைஞ்சவங்க யாருமே இல்லையா? (விழுப்புரம்)

ப: இருக்காங்க. சென்னை ஓவியர் பணிக்கர், அவர் ஆரம்பிச்ச சோழமண்டலம் ஓவியர் கிராமம் எல்லாம் நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, அதனால கொஞ்சம் கம்மியா பேசப்படற ஒருத்தர சொல்றேன், அச்சுதன் கூடல்லூர். 1945-ல கேரளாவுல கூடல்லூர்ல பிறந்தவர், ஆனா வாழ்ந்ததும் வரைஞ்சதும் சென்னைல. படிச்சது சிவில் இன்ஜினியரிங், வேலை பொதுப்பணித்துறைல. சாயங்காலம் ஆபீஸ் விட்டு மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்கு போய் வரைய கத்துக்கிட்டவர், அதுக்குன்னு காலேஜ்ல சேர்ந்து படிக்கல. மொதல்ல மனுஷ உருவம் வரைஞ்சார், அப்புறம் அது கரைஞ்சு வெறும் கலர் மட்டும் நின்னுச்சு, அந்த சிவப்பும் நீலமும் பார்த்தீங்கன்னா கண்ணுல ரொம்ப நேரம் இருக்கும். 2022-ல காலமானார்.

எனக்கு இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, பகல் முழுக்க ஸ்கேலும் பிளானுமா இருந்த இன்ஜினியர் வீட்டுக்கு வந்து கோட்ட தூக்கிப் போட்டுட்டு கலர எடுத்தார். லண்டன்லயும் பாரிஸ்லயும் ஓவியம் படிச்சவங்க கலர தூக்கிப் போட்டுட்டு இன்ஜினியரோட ஸ்கேல எடுத்தாங்க. திருச்சி டிராஃப்ட்ஸ்மேன் சார், இது உங்களுக்கும் சேர்த்து தான்.

கே: அவங்க டைரி எழுதினாங்களாமே, அதுலேருந்து ஸ்டேட்டஸ் வைக்க ஒரு நல்ல வரி சொல்லுங்க. (மதுரை)

ப: டைரி உண்டு. குறைஞ்சதுலேருந்து எவ்ளோ அதிகம் எடுக்க முடியும்ங்கற எண்ணம் அதுல திரும்பத் திரும்ப வரும். ஆனா நீங்க பார்க்க வேண்டியது வரிய இல்ல, பக்கத்த. எழுதினத அவங்களே பல இடத்துல கறுப்பு மையால பட்டை பட்டையா அடிச்சு மூடியிருக்காங்க, மூடின பட்டைங்க சேர்ந்து அதுவே ஒரு டிராயிங் ஆகி நிக்குது. படிக்க முடியாத பக்கம் தான் அதுல அழகு. அத போட்டோவா ஸ்டேட்டஸ்ல வைங்க, நெட்வொர்க் பிரச்சனைனு நாலு பேர் போன் பண்ணுவாங்க.

கே: அடுத்த மாசம் குடும்பத்தோட டெல்லி போறோம். நேர்ல பார்க்க முடியுமா? பசங்க போரடிக்குதுன்னு சொல்வாங்களோன்னு பயமா இருக்கு. (சேலம்)

ப: கிரண் நாடார் மியூசியத்துகிட்ட இவங்க படம் நிறைய இருக்கு, ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு இப்ப மாட்டியிருக்காங்களான்னு கேட்டுட்டு போங்க. காகிதமும் மையும் வெளிச்சத்துல வெளுக்கும்னு இந்த மாதிரி படத்த எந்த மியூசியமும் வருஷம் பூரா சுவர்ல வைக்காது, கொஞ்ச நாள் காட்டிட்டு உள்ள எடுத்து வச்சிருவாங்க.

பசங்கள பத்தி கவலைப்படாதீங்க, அவங்க கோட்ட எண்ண ஆரம்பிச்சிருவாங்க, எண்ணட்டும், பாதில விட்டுட்டு மறுபடி மொதல்லேருந்து எண்ணுவாங்க, உங்கள விட அவங்க தான் அதிக நேரம் பார்த்திருப்பாங்க. நீங்க போட்டோ எடுக்க முயற்சி பண்ணாதீங்க, போன் கேமராவுல அந்த மெல்லிசு கோடெல்லாம் அலை அலையா தெரியும், அது அவங்க வரைஞ்சது இல்ல. கண்ணாடி போட்டு தான் மாட்டியிருப்பாங்க, நேரா நின்னா உங்க மூஞ்சி தான் தெரியும். ரெண்டடி இடது பக்கம் தள்ளி நில்லுங்க, பென்சில் கோடு அப்பத்தான் வெளிய வரும்.